பந்தயம் பார்க்காத கால்

குதிரை டாக்டர் ரஹீம் குனிந்து, குதிரையின் இடது முன்னங்காலை மடக்கித் தூக்கித் தன் தொடைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். இனிக் கொஞ்ச நேரம் யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது. மடக்கிய காலை அப்படியே பிடித்திருந்து, சட்டென்று விட்டு, விட்ட கையோடு ஓட வைக்க வேண்டும். மூட்டுக்குள் ஏதாவது ஒளிந்திருந்தால் முதல் சில அடிகளிலேயே குதிரை தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிராணியிடம் உண்மையை வாங்க இது ஒரு வழி. பூங்கோதை தென்னை நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய நோயாளிகள் பரவாயில்லை, எங்கே வலிக்குது என்று கேட்டால் விரலை வாய்க்குள் விட்டுக் காட்டுவார்கள், பெரும்பாலும் தப்பான பல்லைத்தான் காட்டுவார்கள், ஆனாலும் காட்டுவார்கள். கோயம்புத்தூரில் பல் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டியவள் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக உடுமலைக்குத் தெற்கே ஒரு தோப்புக்குள் வந்து குதிரைக் கால் பார்க்கிறாள் என்று தெரிந்தால் சிரிப்பார்கள். சம்பத் சிரிக்கவில்லை. காலையில் இட்லித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "போயிட்டு வா. ஆனா இதுதான் கடைசின்னு நீதான் சொல்லியிருக்கே," என்றான். புருஷன் என்றால் இப்படித்தான், சொன்னதை எல்லாம் மறந்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திருப்பான். ஆமாம், கடைசி. இந்தக் குதிரையும் சரிப்படாவிட்டால் காரின் பின்சீட்டில் கிடக்கிற சேணம் திரும்ப வீட்டுக்குள் வராது. வழியிலேயே ரைடிங் கிளப்பில் யார் கையிலாவது கொடுத்துவிட்டு, நாளையிலிருந்து பேரில் மட்டும் குதிரை இருக்கிற ரேஸ்கோர்ஸ் ரோட்டில், கையை வீசி வீசி நடக்கிற ஜனங்களோடு அவளும் நடக்கப் போகிறாள். நடந்தால் என்ன, உடம்புக்கு நல்லதுதான். ஆனால் இந்தக் குதிரை ஏன் ஓடவில்லை? நல்ல வம்சம், நல்ல உயரம், கருஞ்செவலை நிறத்தில் எண்ணெய் தடவின மாதிரி மினுங்குகிற தோல், வயது ஐந்து நடக்கிறது. பந்தயத்துக்கென்றே பெற்று வளர்க்கிற ஒரு தரோபிரெட் ஒரு தடவைகூடப் பந்தயத்தில் ஓடாமல் தோப்புக்குள் புல் தின்றுகொண்டிருக்கிறது என்றால், ஏன்?

நஞ்சப்பனிடம் வந்தவுடனே கேட்டாகிவிட்டது. பண்ணையைப் பார்த்துக்கொள்கிற மனிதர், கட்டம் போட்ட சட்டை, பேச்சு கொஞ்சம் தாராளம். "அதுங்க மேடம், அண்ணன் தம்பிக்கு ஒத்துவரலைங்க. குதிரை ரெண்டு பேரு பேர்லயும் இருக்குதுங்க. பெரியவர் ஓட்டலாம்னு சொன்னா சின்னவர் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. சின்னவர் சரின்னா பெரியவர் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. தோட்டம் பிரிச்சாச்சு, மில்லு பிரிச்சாச்சு, குதிரைய எப்படிங்க பிரிக்கறது? இப்பத்தான் ரெண்டு பேரும் வித்துப் போடலாம்னு ஒத்துக்கிட்டிருக்காங்க." கேட்கத் தங்கமாகத்தான் இருந்தது. கேட்கத் தங்கமாக இல்லாத கதையை இதுவரை யாராவது சொல்லியிருக்கிறார்களா? அவள் வாங்கின முதல் பந்தயக் குதிரைக்கு ஓனர் வெளிநாடு போய்விட்டார். இரண்டாவதற்கு ஓனரின் மகளுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. மூன்றாவது ராயல். ராயலுக்கு ஒன்றுமே இல்லை, சும்மா ரெஸ்ட் கொடுத்திருக்கிறோம் என்றார்கள். சும்மா ரெஸ்ட் கொடுத்த ராயலின் முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் ஓடுகிற டெண்டன் என்கிற தசைநாணில், பந்தய நாட்களின் பழைய கிழிசல் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அது விழித்தது போட்டியன்று, கூட்டத்துக்கு நடுவில், கடைசிக்கு முந்தின தடையைத் தாண்டி இறங்கினபோது. தாண்டினதெல்லாம் அழகாகத்தான் தாண்டியது. இறங்கினபோதுதான் கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது, சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, இடுப்பு வழியாக ஏறி வந்த ஒரு சங்கதி, மூன்று காலில் இறங்குகிற ஒரு மிருகம். பிறகு மண். பிறகு அவளுடைய வலது மணிக்கட்டு. "கைதான் நமக்குச் சோறு," என்று ஆஸ்பத்திரியில் சம்பத் சொன்னது வலியைவிட அதிகமாக வலித்தது, ஏனென்றால் அது சரி. ராயல் இன்றைக்கும் பொள்ளாச்சியில் ஒரு நண்பர் வயலில் நன்றாகத் தின்று தொந்தி போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மணிக்கட்டும் சேர்ந்துவிட்டது. இரண்டு வருடமாகச் சேராதது வேறு எங்கேயோ இருக்கிறது. கிளப்பில் வயசான ஒரு பெட்டைக் குதிரையைக் கொடுத்துச் சின்னக் கட்டை ஒன்றைத் தாண்டச் சொன்னார்கள், அவள் தாண்டும் முன்பே இறங்குகிற சத்தத்தைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள், காதெல்லாம் கீழே போய்விட்டது, கை இறுகிவிட்டது, பாவம் அந்தக் கிழவி கட்டைக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தது. அதற்குப் பிறகு ஏறவில்லை. அப்போதுதான் முடிவு பண்ணினாள், இனி வாங்கினால் பந்தயமே பார்க்காத குதிரைதான் வாங்குவது, இன்னொருத்தன் செலவழித்துவிட்டுத் தள்ளிவிடுகிற காலை வாங்குவதில்லை. கேட்கிறதற்கு நல்ல முடிவு. ஆனால் பந்தயம் பார்க்காத குதிரைக்கும் ஒரு காரணம் இருக்குமே, அந்தக் காரணம் காலில் இருந்தால்? மூச்சில் இருந்தால்? பார்க்கிற யாரும் கண்டுபிடிக்காத இடத்தில் இருந்தால்?

"விடறேன்," என்றார் ரஹீம். கால் தரையைத் தொட்டது, நஞ்சப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார், குதிரை அவர் பின்னாலேயே டிராட் போட்டது, இரண்டிரண்டு காலாக, டக் டக் என்று அளந்து வைத்த மாதிரி. பூங்கோதை அதன் காலைப் பார்க்கவில்லை. தலையைத்தான் பார்க்க வேண்டும். தலை ஆடுகிறதா? இல்லை. ஆடினமாதிரி ஒரு நிமிஷம் இருந்தது, இல்லை, அது ஈயை விரட்டியது. மறுபடி மடக்கி, மறுபடி விட்டு, நாலு காலுக்கும் இதே கூத்து. நஞ்சப்பனுக்கு மேல்மூச்சு வாங்கிவிட்டது, குதிரைக்கு வாங்கவில்லை, அப்படியானால் மூச்சும் பரவாயில்லை. ரஹீம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இருபது வருடமாக அவளுக்குக் குதிரை பார்த்துச் சொல்கிறவர், ஒருவரை ஒருவர் டாக்டர் என்று கூப்பிட்டுக்கொள்வது பழகிப்போய்விட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியலை, டாக்டர். சுத்தமா இருக்கு. அடுத்த வாரம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம். நீங்க ஒருதரம் தொட்டுப் பாருங்க." ராயலுக்கும் இவர்தான் தொட்டுப் பார்த்தார். அவர் மேல் தப்பில்லை, கிழிசல் ஆறிப்போய் உள்ளே கிடந்தது, ஆனாலும் மனசு கணக்குப் பார்க்காமல் இருக்கிறதா. அவள் குந்தி உட்கார்ந்து முழங்காலிலிருந்து கீழே கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஓட்டினாள். இறுகக் கட்டின கொடிக்கயிறு மாதிரி இருந்தது, முடிச்சு இல்லை, வீக்கம் இல்லை, சூடு இல்லை. காலைப் பனி இன்னும் ரோமத்தில் ஈரமாக இருந்தது. அவள் விரல் மேலும் கீழும் போனது, மறுபடி போனது, இல்லாத முடிச்சைத் தேடிக்கொண்டே இருந்தது. கிடைத்துவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது, வந்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. குதிரை தலையைத் தாழ்த்தி அவளுடைய கூந்தலில் மூச்சு விட்டது. ஈறு பார்க்கிற கைதானே என்று வாயையும் திறந்து பார்த்தாள். நல்ல பல், ஒழுங்கான தேய்மானம். இந்த ஜாதிக்கே ஒரு சவரக்கத்தி வெட்டின மாதிரி பல் வரிசை, மனிதர்களுக்கு வாய்ப்பதில்லை. "பேரு என்னங்க?" என்றாள். "பேரு வெக்கலைங்க. மைதானத்துக்கு அனுப்பறப்பத்தானுங்க பேரு வெப்பாங்க. அம்மா பேரு சம்மர் ரெயின், அதனால சம்மர் ரெயின் குட்டின்னு கூப்பிடறோம்," என்றார் நஞ்சப்பன். அவளைவிட ஒரு சாண் உயரமாக நிற்கிற குட்டி. பேரில்லை என்பது சின்னதாக ஒரு சாட்சி மாதிரி இருந்தது, மைதானத்துக்குப் போயிருந்தால் பேர் இருந்திருக்கும். ஆனால் பேரை மறைப்பதும் ஒரு பெரிய வித்தையா என்ன.

சேணம் போட்டாயிற்று. தொப்பியின் வாரை மோவாய்க்குக் கீழே இரண்டு தடவை மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டினாள், அதை நஞ்சப்பன் பார்த்துவிடக் கூடாது என்று திரும்பிக்கொண்டாள். "நிக்க வேண்டாம், நடத்திட்டே இருங்க, நான் ஏறிக்கறேன்," என்றாள். பந்தயக் குதிரைகள் நின்று ஏற விடாது. அங்கே ஜாக்கியைக் காலைப் பிடித்துத் தூக்கி நடக்கிற குதிரைமேல் வீசிவிடுவார்கள், அதற்கு அதுதான் ஏறுவது. மூன்று குதிரைகளிடம் அவள் இதைக் கற்றுக்கொண்டிருந்தாள், நடக்க நடக்கத் தொற்றிக்கொண்டு ஏற. நஞ்சப்பன் நடத்தினார், அவள் ஒற்றைக் காலை அங்கவடியில் வைத்துத் தத்தித் தத்திக் கூடவே போனாள், குதிரைக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டடி நடந்துவிட்டு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தது. இந்த அம்மாள் ஏன் நொண்டுகிறாள் என்று கேட்கிற மாதிரி. "நின்னுக்குதுங்க, நல்ல புள்ளைங்க, சும்மா ஏறுங்க," என்றார் நஞ்சப்பன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவள் சும்மா ஏறினாள். கற்சிலை மாதிரி நின்றது. தோப்பைச் சுற்றி வாரத்தில் சில நாள் ஆள் ஏற்றி நடத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான் அதன் படிப்பு. இரண்டு வருடத்துக்குப் பிறகு பூமி இவ்வளவு கீழே இருந்தது. தென்னங்கீற்றுகள் முகத்துக்கு நேராக வந்துவிட்டன, தூரத்தில் ஆனைமலைப் பக்கம் ஒரு நீலக்கோடு, யாரோ மோட்டார் போட்டிருந்தார்கள், தண்ணீர் விழுகிற சத்தம். பயமாக இருந்தது. மறைப்பானேன், நன்றாகவே பயமாக இருந்தது. அதோடு கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது, பல் பிடுங்கினபின் மரத்துப்போன உதட்டில் உணர்வு திரும்புகிற மாதிரி ஊசி ஊசியாக.

நடந்தது. பிறகு டிராட். அவள் முதலில் இடது பக்கம் திருப்பினாள், அதுவும் பழக்கதோஷம். நம் பக்கத்துப் பந்தய மைதானங்களில் வலப்பக்கமாகவே ஓட்டி ஓட்டிக் குதிரைகள் அந்தப் பக்கம் வளைந்து போயிருக்கும், இடது பக்கம் திருப்பினால் கட்டைமரமாக விறைத்துக்கொள்ளும், ராயலை இடப்பக்கம் வளைய வைக்க அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. ஆகவே இடது கால் தயாராக, இடது கை தயாராக, விறைப்பை எதிர்பார்த்து அவள் திருப்பினாள், விறைப்பு வரவில்லை. வந்தது ஒரு தள்ளாட்டம். சரி, வலப்பக்கம் பார்க்கலாம். அங்கேயும் அதே தள்ளாட்டம், சைக்கிள் பழகுகிறவன் மாதிரி, அவளையும் சுமந்துகொண்டு தென்னைமரத்தில் மோதாமல் இருந்தது பெரிய விஷயம். இரண்டு பக்கமும் அதற்கு ஒரே மாதிரி தெரியாது. எந்தப் பக்கமும் அதை யாரும் அதிகமாக ஓட்டிப் பழக்கவில்லை. அப்படியானால் நஞ்சப்பன் சொன்னது நிஜம்தானா? இரு, அவசரப்படாதே, ஏன் ஓடவில்லை, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, ரஹீமுக்குக்கூடச் சொல்லாமல் அவள் வைத்திருந்தது. பந்தயக் குதிரைக்குக் கடிவாள வாரை இறுக்கினால் வேகமாகப் போ என்று அர்த்தம். இறுக்கிப் பிடித்த வாரில் சாய்ந்துகொண்டுதான் அது ஓடப் பழகியிருக்கும், நிறுத்த நினைத்து இழுக்கிறவன் இழுக்க இழுக்க அது பறக்கும். பேரை மறைக்கலாம், காலை ஆற விடலாம், இதை மறைக்க முடியாது. அவள் சேணத்தில் நன்றாக அழுந்தி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாரை இறுக்கினாள். குதிரை மெதுவாயிற்று. இன்னும் இறுக்கினாள். நின்றுவிட்டது. நின்று, கடிவாளத்தை ஒருதரம் மென்று, என்ன வேணும் என்கிற மாதிரி ஒரு காதைப் பின்னால் திருப்பியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாகச் சிரித்துவிட்டாள், தூரத்தில் ரஹீம் கையைத் தூக்கி என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள். அண்ணனும் தம்பியும் நன்றாக இருக்கட்டும். இப்படிச் சண்டை போட்ட புண்ணியவான்களை அவள் பார்த்ததில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கின மாதிரி இருந்தது. இறங்கின இடத்தில் இன்னொன்று இருந்தது, அதுதான் வேடிக்கை. குதிரையிடம் எதுவும் இல்லையென்றால், இந்த இறுகின கை யாருடையது? இவ்வளவு நேரம் அவள் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் ராயலோடு. நடக்க நடக்க ஏறினது ராயலுக்கு, இடது கையைத் தயாராக வைத்தது ராயலுக்கு, பயப்படாதே பயப்படாதே என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தது ராயலுக்கு. இது பயப்படவே இல்லையே. இதற்குப் பயம் என்றால் என்ன என்று யாரும் இன்னும் சொல்லித்தரவில்லை, அவள்தான் போகிறபோக்கில் சொல்லித்தந்துகொண்டிருக்கிறாள். குதிரையில் குறை தேடி ஊர் ஊராகப் போனவளுக்கு இது கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. குறை இல்லாத குதிரையை வாங்கிக்கொண்டு போய் அவள் கையாலேயே அதற்கு ஒரு குறையை உண்டாக்குவாளா? அப்படியானால் சேணத்தைக் கொடுத்துவிடுவதுதான் நியாயம், குதிரைக்காகவாவது.

தோப்பின் கோடியில் காற்றில் சாய்ந்த ஒரு தென்னை, கிளப்பில் தாண்ட மாட்டாமல் விட்ட கட்டையின் உயரத்துக்குப் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போக வலப்பக்கம் வேண்டுமட்டும் இடம் இருந்தது, நஞ்சப்பனும் "அங்க ஒரு மரம் கெடக்குதுங்க, சுத்திக்கிட்டு வந்துருங்க," என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சுற்றிக்கொண்டு போகத்தான் போனாள். ஆனால் பார்த்தாள். குதிரை ஏறுகிற எல்லோரும் முதல் நாளே படிக்கிற பாடம், எங்கே பார்க்கிறாயோ அங்கேதான் குதிரை போகும், தோளும் இடுப்பும் கண்ணோடு கூடவே திரும்பிவிடும், குதிரை அதைப் படித்துக்கொள்ளும். கிளப்பில் அவளே எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தந்திருக்கிறாள். அவள் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், எங்கே அது பாம்பு மாதிரி எழுந்து வந்துவிடுமோ என்கிற மாதிரி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, கண்ணை எடுக்காமல். குதிரைக்கு வேண்டாம் கேட்கவில்லை, பார்வை மட்டும் கேட்டது. ஓகோ, அங்கேயா என்று காதை முன்னால் நீட்டிக்கொண்டு நேராகப் போயிற்று. அவள் உணர்ந்தபோது திருப்ப நேரமில்லை. இழுக்கலாம், இழுத்தால் நிற்கும், இப்போதுதானே பார்த்தோம், இழு. கை இழுக்கவில்லை. ஏன் என்று பின்னால் யோசித்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை, அந்தக் காதுகளாக இருக்கலாம், அவ்வளவு ஆசையாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்த காதுகளைப் பிடித்துப் பின்னால் இழுக்க மனசு வரவில்லை. கையை முன்னால் கொடுத்தாள், பிடரியில் பதித்தாள். மரத்துக்கு முன்னால் ஒரு கணம் குதிரை யோசித்தது, முதுகு உருண்டு எழும்பியது, பிறகு வேலியையே தாண்டுகிற உயரத்துக்கு, அந்தச் சின்ன மரத்துக்குத் தேவையே இல்லாத உயரத்துக்கு, தூக்கிக்கொண்டு போய்விட்டது. மேலே இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் ஒன்றும் நினைக்கவில்லை. தோப்பு வெளிச்சமாக இருந்தது, அவ்வளவுதான். இறங்கி ஏழெட்டு அடி போனபிறகு, இறங்குகிற சத்தத்துக்காகக் காதைக் கீழே அனுப்ப மறந்துவிட்டோம் என்று நினைவு வந்தது. குதிரை ஒருதரம் செருமிவிட்டு நடைக்கு வந்து, வழியில் கிடந்த பச்சைப் புல்லை ஒரு வாய் பிடுங்கிக்கொண்டது.

ரஹீம் ஓடி வந்துகொண்டிருந்தார், பின்னாலேயே நஞ்சப்பன், "அய்யோ மேடம், சுத்திக்கிட்டு வரச் சொன்னனுங்களே," என்று கத்திக்கொண்டே. "ஒண்ணும் ஆகலை," என்றாள் பூங்கோதை. குரல் அவளுடையதாக இல்லை, கன்னம் ஈரமாக இருந்தது, வியர்வை என்று வைத்துக்கொள்ளட்டும். ரஹீம் முதலில் குதிரையின் காலைப் பார்த்தார், பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார், குதிரை வைத்தியர்களுக்கு வரிசை அப்படித்தான். "போதும் டாக்டர், முதல் நாள். இறங்குங்க," என்றார். போதும்தான். புத்தியுள்ள யாரும் இறங்கிவிடுவார்கள். தெரியாமல் நடந்தது நல்லபடியாக முடிந்துவிட்டது, இதோடு வீட்டுக்குப் போனால் சம்பத்திடம் ஒரு கதையாகச் சொல்லலாம், குதிரை தானாகத் தாண்டியது, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று. தானாக. அவளுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. குதிரைக்கு யாரும் சொல்லாமல் தானாக வந்தது, அவளுக்குத் தானாக வராது, அவள் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டுப் பார்க்காமல் இந்தச் சேணத்தைக் காரில் ஏற்றினால் அது வீட்டுக்குப் போகுமா கிளப்புக்குப் போகுமா என்று அவளுக்கே தெரியாது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றாள். "அந்தப் பக்கத்துலேர்ந்து. தள்ளிக்குங்க." ரஹீம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நஞ்சப்பனையும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டார். அவள் மரத்தைச் சுற்றி முதலில் வந்த பக்கத்துக்கே போய்க் குதிரையைத் திருப்பினாள். தள்ளாடிக்கொண்டு திரும்பியது. பயம் எங்கேயும் போய்விடவில்லை, வயிற்றில் அதன் இடத்தில்தான் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும், வயிற்றில் இருக்கிறவரைக்கும் கைக்கு வராமல் இருந்தால் போதும். அவள் மரத்தைப் பார்க்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம், தோப்பு முடிந்து வெயில் தொடங்குகிற இடத்தைப் பார்த்தாள். காலால் லேசாக ஒருதரம் கேட்டாள். குதிரை காதை முன்னால் நீட்டியது, ஓடியது, இந்தத் தடவை தேவையான உயரம் மட்டும் எழும்பித் தாண்டி, நாலு காலில் இறங்கியது. வெயிலில் போய் நின்றதும் அவள் திரும்பி, "எக்ஸ்ரே எடுங்க டாக்டர், எல்லாம் எடுங்க," என்றாள். "எடுத்துட்டுக் குதிரையை என் வீட்டுக்கு அனுப்பி வைங்க."